ஒன்பது வாரம், 14 கிலோ

என் போனில் ஒரு பக்க டயட் சார்ட் இன்னும் இருக்கிறது. வேண்டுமென்றேதான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சியா விதை, முட்டையின் வெள்ளைக்கரு இரண்டு. பதினோரு மணிக்கு ஒரு கொய்யா. மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், அரை கப் வேகவைத்த பாசிப்பயறு. ராத்திரி ஏழு மணிக்குள் காய்கறி சூப், எண்ணெய் விடாத ஒரு சப்பாத்தி. எண்ணெய், நெய், தேங்காய் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று கடைசி வரியில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். இந்தச் சார்ட்டை நான் பதினோரு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். யார் யாருக்கு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் போனில் தேடினால் கிடைக்கிறது. கடந்த சில மாதங்களாக அந்தப் பட்டியலைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் கேட்டார்கள், நான் அனுப்பினேன். போன ஆவணியில் மதுரையில் என் கொழுந்தனுக்குக் கல்யாணம். அதற்கு முன் ஒன்பது வாரத்தில் நான் 78 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வந்திருந்தேன். மண்டபத்தில் என்னைப் பார்த்தவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பற்றிப் பேசியதைவிட என்னைப் பற்றிப் பேசியது அதிகம். "மதினி, எப்படிங்க இப்படி?" என்று ஓரகத்தியின் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். என்றைக்குமே என்னைப் பாராட்டாத ஒரு பெரியத்தை, "இப்பத்தான் பாக்குற மாதிரி இருக்க" என்றார். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகள் பெற்ற பிறகு, ஒரே நாளில் அத்தனை பேர் என்னைத் திரும்பிப் பார்த்தது பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

எடை குறைக்க வேண்டியிருந்ததும் உண்மை. என் உயரம் 156 சென்டிமீட்டர். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலித்தது. அதற்கு முந்தைய வருடம் எடுத்த வயிற்று ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்திருந்தது. எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னது சரியான அறிவுரை. எவ்வளவு வேகத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆன்லைனில் ஒரு பயிற்சியாளரிடம் பணம் கட்டிச் சேர்ந்தேன். ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் கேட்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வெயிட் மெஷின் மேல் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். அது ஒன்றுதான் விதி.

முதல் வாரம் 3.4 கிலோ இறங்கியது. குரூப்பில் எல்லோரும் கைதட்டல் போட்டார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று இப்போது தெரியும். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதல் சில நாளில் இந்தச் சேமிப்பு காலியாகும், கூடவே தண்ணீரும் வெளியேறும். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு கரைய என்னைப் போன்ற ஒருத்தி ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலும் போதாது. இந்தக் கணக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த 3.4 என்ற எண்ணைப் பார்த்து அத்தனை உற்சாகப்பட்டிருக்க மாட்டேன்.

இளைப்பு என்ற சொல்

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது "எளச்சுப் போயிட்டியே" என்பது துக்கம் விசாரிக்கிற வார்த்தை. விடுதியிலிருந்து லீவுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே அப்படிச் சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போவாள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் துரும்பாக இளைத்திருப்பான். மூச்சு வாங்கினாலும் இளைப்புதான், களைத்து உட்கார்ந்து எழுவது இளைப்பாறுவது. சொல்லுக்குள்ளேயே உடம்பு எதையோ இழந்துவிட்டது என்ற கவலை இருந்தது. என் ஆயுளுக்குள் அதே சொல் பாராட்டாகிவிட்டது. ஒருவர் திடீரென்று இளைத்து வந்தால் என்ன ஆச்சு என்று கேட்ட ஊரில் இப்போது எப்படிச் செய்தாய் என்று கேட்கிறார்கள். சர்க்கரை நோயிலும் காசநோயிலும் தைராய்டிலும் புற்றுநோயிலும் காரணமில்லாமல் எடை இறங்கும். அப்படி இறங்குகிற ஒருவரை நாம் வாழ்த்தி அனுப்பிக்கொண்டிருக்கவும் கூடும்.

எனக்கும் உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்காவது வாரத்திலிருந்து உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. ஆபீஸ் ஏசியில் எல்லோரும் சாதாரணமாக உட்கார்ந்திருக்க நான் சால்வையைப் போர்த்திக்கொண்டேன். ஆடி மாதம் தீட்டு வரவில்லை. மலச்சிக்கல் வாரக்கணக்கில் இருந்தது. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு செட்டிநாட்டு வறுவல், பரோட்டா சால்னா என்று சமையல் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் செய்யப்போவதில்லை, சாப்பிடப்போவதில்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

பிற்பாடு மினசோட்டா பரிசோதனையைப் பற்றிப் படித்தபோது அந்த ராத்திரிகள்தான் நினைவுக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து அதைத் தொடங்கினார். மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்குக் கொடுத்த உணவு நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி. எடையில் ஏறத்தாழ கால் பங்கு போனது. எப்போதும் குளிர்ந்தது, தலை சுற்றியது, முடி கொட்டியது, எரிச்சலும் மனச்சோர்வும் பிடித்துக்கொண்டன. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தார்கள். அவர்கள் சரியான எடையில் இருந்தவர்கள், நான் கூடுதல் கொழுப்போடு இருந்தவள், இரண்டும் ஒன்றாகாது என்பது தெரியும். ஆனால் என் சார்ட்டைக் கூட்டிப் பார்த்தபோது நாளைக்கு 500 கலோரிதான் வந்தது. 800 கலோரிக்குக் கீழே போவதென்றால் டாக்டர் கண்காணிப்பு வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை.

ஒரு நாள் காலை 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கப் போனேன். ஐந்து வருடமாக நானேதான் செய்கிறேன். அன்றைக்கு இடுப்புயரத்துக்குமேல் அது எழும்பவே இல்லை. கை நடுங்கியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகன் வந்து பிடித்தான். 14 கிலோ பாரம் இறங்கியவளுக்குக் கை இன்னும் லேசாக அல்லவா இருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. எடை குறையும்போது அதில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து, முக்கியமாகத் தசையிலிருந்து, போகும் என்பது வழக்கமான கணக்கு. பட்டினி கடுமையாகி, புரதமும் இல்லாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் போனால் அந்தப் பங்கு கூடும். என் சார்ட்டில் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இது கூடுதல் கவலை, ஏனென்றால் நம்மிடம் தசை முதலிலேயே குறைவு. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தன்னையும் ஜான் யூட்கின் என்ற பிரிட்டிஷ் மருத்துவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் வெளியிட்டார். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண், ஒன்றேதான், 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. வெயிட் மெஷினில் நிற்கும் எண் எதனால் ஆனது என்பதை மெஷின் சொல்லாது.

ஸ்கேன் அறை

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மட்டன் பிரியாணி. இரண்டு மாதத்துக்கு மேல் எண்ணெய்ச் சொட்டே படாத வயிறு. ராத்திரி ஒரு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. அங்கிருந்து முதுகுக்குப் போய் வலது தோள்பட்டையில் நின்றது. வாயு என்று நினைத்து ஓமவாட்டர் குடித்தேன், ஜெலுசில் குடித்தேன். மூன்று மணி நேரம் கழித்துத் தானாக விட்டது. ஐந்து வாரம் கழித்து மறுபடி அதே வலி, இந்த முறை வாந்தியோடு. விடியற்காலையில் மருத்துவமனைக்குப் போனோம். முதலில் இசிஜி எடுத்தார்கள், ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். வயிற்றில் சில்லென்று ஜெல்லைப் போட்டு அழுத்திக்கொண்டே போனவர் வலது பக்கம் வந்ததும் நின்றார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். திரும்பிப் படுத்தபோது எனக்குத் திரை தெரிந்தது. பேரிக்காய் வடிவத்தில் ஒரு கறுப்புப் பை. அதன் அடியில் வெள்ளையாகச் சில புள்ளிகள், நான் திரும்பிய பக்கம் அவையும் மெல்ல உருண்டன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வால் மாதிரி ஒரு நிழல் விழுந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சமீபத்துல வெயிட் குறைஞ்சீங்களாம்மா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் மனப்பாடம். இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். வலியோடு படுத்திருந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை வந்துவிட்டது. "ஒன்பது வாரத்துல 14 கிலோ டாக்டர்." எல்லோரும் சொல்கிற 'அப்படியா!' வரும் என்று மனசு காத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருவியை எடுத்துவிட்டு, துடைக்கப் பேப்பர் கொடுத்துவிட்டு, "பழைய ஸ்கேன் ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். என் கணவர் போன வருட ரிப்போர்ட்டை ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஈரலில் கொழுப்பு என்ற வரிக்குக் கீழே பித்தப்பை இயல்பாக இருக்கிறது, கல் இல்லை என்று இருந்தது. அந்த வரியின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்டிப்பு இல்லை. சிறு பிள்ளை விழுந்து அடிபட்டு வந்தால் பார்ப்போமே, அப்படி இருந்தது. அதுவரை வலிக்காத ஏதோ ஒன்று அப்போது வலித்தது.

விளக்கியது அறுவை சிகிச்சை நிபுணர். உடம்பு அவசரமாகக் கொழுப்பைக் கரைக்கும்போது ஈரல் பித்தநீரில் கூடுதலாகக் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. பித்தப்பையின் வேலை, கொழுப்புள்ள சாப்பாடு வரும்போது சுருங்கிப் பித்தநீரை வெளியே அனுப்புவது. சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் அதற்குச் சுருங்க வேலையில்லை. கொலஸ்ட்ரால் கூடிய பித்தநீர் அசையாமல் தேங்கி, படிந்து, கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்தால் இந்த ஆபத்து நன்றாகவே கூடுகிறது. என் சராசரி அதற்கும் சற்று மேல். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு மாதம் கல் வராமல் தடுக்க அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை கொடுப்பதும் இதற்காகத்தான். ஆக, இது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சிவப்பு எழுத்தில் எண்ணெயை விலக்கச் சொன்ன அந்தச் சார்ட்டை எழுதியவருக்குத் தெரியவில்லை, அல்லது அவர் சொல்லவில்லை.

வயிற்றில் நான்கு சிறு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தார்கள். கற்களைச் சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு என் கணவரிடம் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன், பதினேழு. மஞ்சள் பாய்ந்து, முனை மழுங்கி, உடைத்த துவரம்பருப்பு மாதிரியே இருந்தன. தையல் ஆறிய நேரத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. குளியலறை வடிகாலில் கொத்துக் கொத்தாக அடைத்தது. உடம்பு பட்ட அதிர்ச்சிக்கு முடி இரண்டு மூன்று மாதம் தாமதமாகத்தான் பதில் சொல்லும், சில மாதத்தில் திரும்ப முளைக்கும் என்றார்கள். முளைத்துக்கொண்டிருக்கிறது.

சித்தப்பாவுக்கு அனுப்பியது

எனக்கு நடந்ததை நான் தாங்கிக்கொள்வேன். என்னை உறுத்துவது சித்தப்பா.

கல்யாண வீட்டில் அவரும் கேட்டார். "ஏம்மா, அந்தச் சார்ட்டை எனக்கும் அனுப்பி விடு." அவருக்கு 61 வயது, திண்டுக்கல்லில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. காலையில் மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. பந்தியில் நின்றபடியே அனுப்பி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, காய்கறி மார்க்கெட்டில் வேர்த்து ஊற்றி, பேச்சுக் குழறி, தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். வெங்காயக் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது, அவர் வீட்டிலும் சர்க்கரை நோயாளி உண்டு. சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கவைத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார். மருத்துவமனையில் பார்த்தபோதும் ரத்தச் சர்க்கரை 58தான் இருந்தது. சித்தி போன் பண்ணி அழுதார். அப்போது எனக்கு இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை. "நடுவுல ஏதாவது வேளையை விட்டிருப்பாரு சித்தி, சரியா ஃபாலோ பண்ணிருக்க மாட்டாரு" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான்.

கிளைமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை. சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டு மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை தரைக்கு இறங்கும். இதை நினைக்கும்போதெல்லாம் பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு ஞாபகம் வருகிறது. ராய் டெய்லரும் மைக் லீனும் நடத்தி, 2017-இல் வெளியிட்டது. ஆறு வருடத்துக்குள் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம், நாளைக்கு 825-லிருந்து 853 கலோரி. ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தார்கள். வேகமாகக் குறைப்பதை ஒரேயடியாகத் தூற்ற எனக்கு மனமில்லாததற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த ஆய்வில் உணவைக் குறைத்த முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் டாக்டர்கள் நிறுத்தினார்கள். தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் அனுப்பிய ஒரு பக்கத்தில் மாத்திரை என்ற சொல்லே இல்லை.

மெதுவாகக் குறைத்தால் திரும்ப ஏறாது என்று சொல்வதையும் நான் விட்டுவிட்டேன். 2014-இல் வெளியான ஒரு மெல்போர்ன் ஆய்வில் 200 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை 12 வாரத்திலும் மற்றதை 36 வாரத்திலும் எடை குறைக்க வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து இரு பிரிவிலும் இழந்த எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் திரும்பியிருந்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டிக்காக ஏழே மாதத்தில் மலைபோலக் குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் குழு அளந்தபோது, அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. எடை ஏறுவதும் இறங்குவதும் நான் நினைத்ததைவிடச் சிக்கலான காரியம். எனக்கு நிச்சயமாகத் தெரிவது ஒன்றுதான்: கல், தசை, சர்க்கரை இறங்குவது, இவற்றைப் பார்க்க யாருமே இல்லாமல் வேகமாகக் குறைக்கக் கூடாது.

இப்போது நான் 67 கிலோ. நல்லெண்ணெய் ஊற்றித் தோசை சாப்பிடுகிறேன். பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதத்தைக் கணக்குப் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் எடை தூக்குகிறேன். தண்ணீர் கேனைப் போன மாதம் யார் உதவியும் இல்லாமல் கவிழ்த்தேன். மறுபடி கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன் என்று பெரியத்தை வருத்தப்பட்டார்.

பதினோரு பேரில் பத்துப் பேரிடம் பேசிவிட்டேன். நான்கு பேர் சார்ட்டைத் திறந்தே பார்த்திருக்கவில்லை, ஐந்து பேர் ஒரு வாரத்தில் விட்டுவிட்டார்கள். சித்தப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். "விடும்மா, நானாத்தான கேட்டேன்" என்றார். அடுத்த வேளைக்கு என்ன மாத்திரை என்று சித்தி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பதினோராவது ஆள் என் கணவரின் அக்கா மகள். விருதுநகரில் இருக்கிறாள், தை மாதம் கல்யாணம். நாலைந்து முறை கூப்பிட்டும் எடுக்காதவள் நேற்று எடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். "அத்தை, இன்னும் நாலே கிலோ. அப்புறம் நிறுத்திடுறேன்" என்றாள். தீட்டு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். "ரெண்டு மாசமா வரலை. அதுவும் நல்லதுதான் அத்தை, கல்யாணத் தேதிக்குத் தொல்லை இல்லை." அவளுக்கு 24 வயது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் விருதுநகர் போகிறேன், அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போக அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். கல் டப்பாவைக் கைப்பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.